பேரவையில் கேட்க ஒரு கேள்வி

ஜனவரி 8, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து ஃபோன். என் வேட்புமனுவை ஏற்றுக்கொண்டார்களாம். அறுபத்தாறு வயதில் தேர்தலில் நிற்கிறேன். பால் வாங்கப் போன இடத்தில் சொன்னேன், எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

கட்சி இல்லை. பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையில் பட்டதாரிகளுக்கென்று சில இடங்கள் உண்டு. பட்டம் வாங்கியவர்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டால், தபாலில் ஓட்டுப் போட்டுத் தங்களில் ஒருவரை அங்கே அனுப்பலாம். எங்கள் வட்டாரத்துக்கு ஓர் இடம். சங்கரபாண்டியன் என்ற கல்லூரிச் செயலாளர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்து அதில் உட்கார்ந்திருக்கிறார்.

உறுப்பினருக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் எழுத்தில் ஒரு கேள்வி கொடுத்தால் பதிவாளர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியும் பதிலும் அச்சில் ஏறும். எனக்கு அது போதும். நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, ஒருமுறை எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மைனஸை மைனஸால பெருக்கினா எப்படி சார் பிளஸ் வரும்?" என்று கேட்டாள். அன்றைக்குப் பாடம் அந்த இடத்திலேயே நின்றது. அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னால் கரும்பலகைப் பக்கம் திரும்ப முடியவில்லை. கேள்விக்கு அவ்வளவு பலம் உண்டு.

என் கேள்வியை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆய்வேட்டைக் கொடுத்து ஓராண்டுக்கு மேலாகியும் வாய்மொழித் தேர்வு நடக்காமல் காத்திருப்பவர்கள் யார் யார், ஒவ்வொருவரின் தாமதத்துக்கும் காரணம் என்ன?

என் மகள் மங்கையர்க்கரசி கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்துக் குளங்களில் வளரும் பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சி. அவளுடைய நெறியாளர் தன் உறவுக்காரப் பையனின் பெயரையும் கட்டுரையில் சேர்க்கச் சொன்னார், இவள் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய ஆய்வேடு எந்த மேசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வயது முப்பத்துநான்கு. மருந்துக்கடையில் பில் போடுகிறாள்.

அவளுக்காகத்தான் நான் நிற்கிறேன் என்று என் மனைவி உலகம்மாள் நினைக்கிறாள். அப்படி இல்லை. இது பொதுக் கேள்வி.

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 11, வியாழன்

கீழமங்கலம் கடைத்தெருவில் ஓட்டுக் கேட்டேன். வாக்காளர் யார் என்று தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. பஜ்ஜிக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து என்னிடம் கணக்குப் படித்தவன், பி.காம். ஓட்டு இருக்கிறது என்றதும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"நான் பட்டதாரிங்கதே மறந்துபோச்சு சார். நீங்கதான் ஞாபகம் வச்சிருக்கீங்க."

இரண்டு பஜ்ஜி கொடுத்தான். ஓட்டுக் கேட்க வந்தவன் கையூட்டு வாங்குகிறான் பாருங்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தான். உலகம்மாளுக்குத் தெரிய வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் எனக்கு ஆகாது.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். எஸ்தர் ஜெயராணி வந்திருந்தாள். மங்கையோடு விடுதியில் இருந்தவள், வரலாற்றுத் துறை. அவள் ஆய்வேடு கொடுத்து நான்கு வருஷம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான் நிற்பதைக் கேள்விப்பட்டு, தன் ஊர்ப் பக்கத்துப் பட்டதாரிகளை எல்லாம் பார்த்துவிட்டாளாம்.

காத்திருக்கிற மற்றவர்களைப் பற்றியும் சொன்னாள். ஒருவர் ஓட்டலில் கணக்கு எழுதுகிறார். ஒருவர் ஆய்வேடு கொடுத்ததையே வீட்டில் சொல்லவில்லை. இன்னும் எழுதுவதாகவே நடிக்கிறார்.

"நாங்க போய் கேட்டா ஃபைல் நடந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுதாங்க சார். எத்தன வருஷமா நடக்கும்? நீங்க ஒருதரம் எழுந்து கேட்டாப் போதும். எங்க பேரு அச்சுல வரட்டும்."

மங்கை குழந்தையை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். எஸ்தர் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. குழந்தைக்குக் காக்காய் காட்டிக்கொண்டிருந்தாள் என்று உலகம்மாள் சொன்னாள்.

ஜனவரி 19, வெள்ளி

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. இன்று முழுக்க அடிபம்புத் தண்ணீர்.

ஜனவரி 27, சனி

ஓட்டுச்சீட்டுகள் வந்துவிட்டன. தபால்காரர் உறைகளை ஒரு பெரிய கட்டாக மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் உங்க பிள்ளைங்கதான் சார்" என்றார்.

வேறு யாராவது என்றைக்காவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பள்ளியில் இருந்தபோது, பட்டம் வாங்கிய பழைய மாணவர்களை எல்லாம் பிடித்துப் பட்டதாரியாகப் பதிவு செய்ய வைத்தேன். அப்போது அவர்களுக்கு நிலையான முகவரி கிடையாது. இன்றைக்குத் திருப்பூர், நாளைக்கு துபாய். அதனால் 'மேற்பார்வை: ஆறுமுகநயினார், ஆசிரியர்' என்று என் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். அவர்களுடைய ஓட்டுகள் எல்லாம் என் வீட்டுக்கு வருகின்றன.

சங்கரபாண்டியன் ஜெயிப்பதும் இதே வழியில்தான். அவருடைய கல்லூரி முகவரிக்கு வருவது மூட்டைக்கணக்கு. கல்லூரி அலுவலகத்தில் நாலுபேர் உட்கார்ந்து, உறையைப் பிரித்து, குறி போட்டு, கையெழுத்தும் போட்டு, ஒட்டி அனுப்பிவிடுவார்கள். வாக்காளருக்குத் தேர்தல் நடந்ததே தெரியாது.

நான் அப்படிச் செய்யப் போவதில்லை. உரியவரிடம் உரிய உறை. உறைகளைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினேன். சாவி வழக்கம்போல என் இடுப்பில்.

ஜனவரி 30, செவ்வாய்

மூன்று நாளாக உறைகளோடு அலைகிறேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்தாயிற்று. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஃபோன் செய்து முகவரி வாங்குகிறேன். மஸ்கட்டிலிருந்து சுடலைமணி பேசினான்.

"எனக்கு எதுக்கு சார் அனுப்புதீங்க? நான் யாருக்குப் போடப் போறேன், உங்களுக்குத்தான். நீங்களே குத்திருங்க."

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது பக்கத்துப் பையன் வராதவனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னால் நான் ஒத்துக்கொண்டது உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு முகவரி சொன்னான். பாதிக்கு மேல் இன்னும் பீரோவில் இருக்கிறது. கடைசித் தேதிக்குள் முடித்துவிடலாம்.

மங்கை கடையிலிருந்து வந்ததும் தட்டோடு தன் அறைக்குப் போய்விடுகிறாள். மருந்துக்கடையில் நிற்கிற வேலை, கால் வலிக்கும்.

பிப்ரவரி 3, சனி

குற்றாலிங்கம் வந்தார். என்னோடு தமிழாசிரியராக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு சங்கரபாண்டியனின் கல்லூரியில் மேலாளர். கட்டிப்பிடித்துக் குசலம் விசாரித்தார். மோட்டார் ரிப்பேர்காரன் நம்பர் கொடுத்தார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். எஸ்தரின் ஊர்ப் பக்கம் செயலாளருக்கு ஓட்டுக் குறைகிறதாம். இந்த முறை இழுபறி.

"வே நயினார், நீரு நிக்கிறது தப்புன்னு நான் சொல்லல. மனுவை வாபஸ் வாங்குற தேதியும் போயிட்டு. உம்ம பேரு பாட்டுக்குச் சீட்டுல இருக்கட்டும். அந்த பீரோவுல கிடக்கு பாத்தீரா, அந்தக் கட்டை மட்டும் என்கிட்ட குடுத்துரும். மார்ச்சு முடியுதுக்குள்ள பிள்ளைக்கு வைவா. செயலாளர் வாக்கு. அவரு ஒரு ஃபோன் போட்டா அந்தப் பேராசிரியர் அலறிக்கிட்டு வருவாரு."

"மத்த பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"மத்த பிள்ளைங்களுக்கு மத்த அப்பன்மாரு இருக்காங்கல்லா."

முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. குடித்து முடித்த காபித் தம்ளரை எடுக்க வந்த உலகம்மாள் தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றிருந்தாள். குற்றாலிங்கம் போகும்போது அவளிடமும் சொல்லிக்கொண்டு போனார். "வாரேன் தங்கச்சி. அண்ணன் நம்பர் இருக்குல்லா?"

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் பழைய பேப்பர்காரரை நிறுத்தி மங்கை பாட்டில்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் குளம் குளமாக இறங்கித் தண்ணீர் எடுத்து, ஊரும் தேதியும் எழுதி ஒட்டி வைத்திருந்த பாட்டில்கள். தண்ணீரை எல்லாம் முன்பே கொட்டிக் கழுவிவிட்டாள் போலிருக்கிறது. கண்ணாடிக்குத் தனி விலை இல்லை என்று அவர் சொல்ல, சும்மாவே கொண்டு போங்க என்றாள். அறையில் இடம் அடைக்கிறதாம். இடம் நெருக்கடிதான், உண்மை.

அவள் கடைக்குப் போனபின் உலகம்மாள் பேசினாள். முப்பத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் அதிர்ந்து பேசியதில்லை. இன்றும் அதிர்ந்து பேசவில்லை.

"ஏங்க, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீங்க நியாயம் கேளுங்க. வேண்டாங்கல. நம்ம பிள்ளை பாட்டிலத் தூக்கிப் போட்டாளே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் திரியுதீங்க."

ஒரு தொட்டி என்று வைத்துக்கொள், அடியில் ஓட்டை, நாம் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம் என்று ஆரம்பித்தேன்.

"உதாரணம் சொல்லாதீங்க" என்றாள்.

பிறகு அரிசி களையப் போய்விட்டாள். நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி.

பிப்ரவரி 6, செவ்வாய்

புதூருக்கு ஓட்டுக் கேட்கப் போனேன். அங்கே நாலைந்து பேர்தான், ஃபோனிலேயே பேசியிருக்கலாம். நேரில் போவதுதான் மரியாதை என்று தோன்றியது.

குளித்துவிட்டு வேட்டி மாற்றியபோது பீரோ சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். திரும்ப எடுக்க மறந்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். பஸ் என்னவோ வெகுநேரம் வரவில்லை, நிறுத்தத்தில் உட்கார்ந்தே இருந்தேன். அப்போது ஞாபகம் வந்தது. நிறுத்தத்திலிருந்து பார்த்தால் எங்கள் மொட்டைமாடிக் கொடித் துணி தெரியும், அவ்வளவு பக்கம். ஆனாலும் நான் போன நேரத்தில் பஸ் வந்துவிட்டால் என்ன செய்வது?

புதூரில் நல்ல வரவேற்பு. ஒருவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டேன். உலகம்மாள் தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள், இஞ்சித் துவையலோடு. விசேஷம் எதுவும் இல்லாமல் அவள் சொதி வைப்பதில்லை. என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பனிக்குச் சால்வை எடுக்க பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் அவளுடைய புடவைகள் மடித்து வைத்திருந்தன. உறைகளை நானே எங்காவது மாற்றி வைத்திருப்பேன். வயதாகிறது. நாளை தேட வேண்டும்.

பிப்ரவரி 7, புதன்

மோட்டார் காயில் மாற்றினார்கள். தேட நேரமில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

ஓட்டுப் போய்ச் சேரக் கடைசி நாள். சுடலைமணி மஸ்கட்டிலிருந்து மறுபடி பேசினான், உறை வரவில்லையே சார் என்று. தபால் தாமதம் இருக்கும் என்றேன். பஜ்ஜிக்கடை இசக்கிமுத்துவும் கேட்டான், தன் மச்சானுடைய உறை உங்களிடம்தானே இருந்தது என்று. என்னிடம் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

எஸ்தர் தினமும் ஃபோன் செய்கிறாள். இன்றைக்கு எங்கே போனாள், யாரைப் பார்த்தாள் என்று ஒப்பிக்கிறாள். அவள் ஊரில் எல்லோரும் போட்டுவிட்டார்களாம். "நாம ஜெயிச்சிருவோம் சார். உங்க பழைய மாணவங்க கட்டு ஒண்ணு இருக்குல்லா, அது போதும்" என்றாள்.

குழந்தைக்குச் சளி குறைந்துவிட்டதா என்று விசாரித்தேன்.

பிப்ரவரி 21, புதன்

வாக்கு எண்ணிக்கைக்குப் போயிருந்தேன். தோற்றுவிட்டேன்.

சங்கரபாண்டியன் எழுந்து வந்து கையைப் பிடித்து, "நல்ல போட்டி சார்" என்றார். பெரிய மனிதர்தான். குற்றாலிங்கம் தூரத்தில் நின்றார், பக்கத்தில் வரவில்லை. மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் எஸ்தர் காத்திருந்தாள். எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டாள். சின்ன வித்தியாசம் என்று சொன்னேன். கணக்கு வாத்தியாராக இருந்தும் அதை நான் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. தோல்வி தோல்விதான், இதில் கணக்கு என்ன இருக்கிறது.

"உங்க மாணவங்களுமா போடல?" என்றாள்.

அவள் குழந்தையை நான் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தேன். பல் முளைக்கிறது. என் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தது.

பிப்ரவரி 29, வியாழன்

மங்கைக்கு வாய்மொழித் தேர்வு மார்ச் பதினான்கு. தகவல் வந்திருக்கிறது.

ஃபோனைப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்து இன்னொரு முறை படித்தாள். பிறகு, "எப்படிப்பா திடீர்னு?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வரும் என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். உலகம்மாள் தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு வெடிக்கிறது, விலகி நில்லு என்றாள்.

 சாயங்காலம் மங்கை பழைய பேப்பர்கடைக்குப் போய் பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இல்லையாம்.

மார்ச் 14, வியாழன்

விடியற்காலை பஸ்ஸில் மூவரும் கிளம்பினோம். மங்கை மாம்பழ நிறப் புடவை. உலகம்மாள் வந்திருப்பவர்களுக்குக் கொடுக்க மைசூர்பாகும் மசால்வடையும் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டாள். வைவா முடிந்ததும் எல்லோருக்கும் தின்பண்டம் கொடுப்பது அங்கே வழக்கம்.

வாய்மொழித் தேர்வு மூடிய அறையில் நடப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கடைசியில் பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். விதி அப்படி. யாரும் கேட்பதில்லை. துறை மாணவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், நாங்கள். பின்வரிசையில் எஸ்தர். நான் சொல்லவில்லை, மங்கைதான் வரச் சொல்லியிருப்பாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

மங்கை நன்றாகப் பேசினாள். எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். அவள் திரையில் ஒவ்வொரு குளமாகக் காட்டியபோது, காலில் சேற்றோடு வீட்டுக்கு வந்து நிற்பாளே, அது ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு இடத்தில் பாராட்டினார். நெறியாளரும் சிரித்த முகமாக, இந்தப் பெண்ணின் பொறுமையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார்.

பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "பொதுமக்கள்ல யாராவது கேள்வி கேக்கணும்னா கேக்கலாம்."

  திரும்பிப் பார்த்தேன், பின்வரிசையிலிருந்து எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கையும் பார்த்தாள். என் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது, ஜனவரியிலிருந்து அங்கேதான் இருக்கிறது. நெறியாளர் முன்னால் இருந்தார். துறைத் தலைவர் இருந்தார். பதில் சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்ப முடியாத இடம்.

எழுந்துவிட்டேன். உலகம்மாள் என் வேட்டி நுனியைப் பிடித்தாள்.

"நீங்க பாத்ததுல எந்தக் குளத்துத் தண்ணி ரொம்பத் தெளிவா இருந்தது?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மாதிரியான சிரிப்புதான், அப்பா என்று தெரிந்திருக்கும். மங்கை சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெளிவா இருக்கிறதால அது நல்ல தண்ணின்னு சொல்ல முடியாதுங்க ஐயா. பாசிகூட வளர முடியாத அளவுக்கு அதுல ஏதாவது கலந்திருக்கலாம்."

தேர்வாளர் நல்ல பதில் என்றார். நெறியாளர் குனிந்து எழுதிக்கொண்டார். பொதுமக்கள் தரப்பில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, பதில் திருப்தி. அறிக்கையில் அதையும் சேர்க்க வேண்டுமாம். ஆக, பல்கலைக்கழகத்தில் என் கேள்வி ஒன்று பதிவாகிவிட்டது.

மங்கைக்கு முனைவர் பட்டம் வழங்கலாம் என்று அறிவித்தார்கள். கைதட்டினோம். உலகம்மாள் அழுதாள், அழுதுகொண்டே பொட்டலம் கொடுத்தாள். எஸ்தரைத் தேடினேன், காணவில்லை. மங்கை வராந்தா கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பொட்டலம் மீந்திருந்தது. கண்டக்டருக்குக் கொடுத்துவிடேன் என்று உலகம்மாள் சொன்னாள். மங்கை கொடுக்கவில்லை. எங்கள் நிறுத்தம் வருகிற சமயத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எந்திரிச்சப்ப, அதைத்தான் கேக்கப் போறீங்கன்னு நினைச்சேன்ப்பா."

"கேட்டிருந்தா உனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

மார்ச் 15, வெள்ளி

மங்கை வழக்கம்போல மருந்துக்கடைக்குப் போனாள். கல்லூரி வேலைக்கு எப்போது விளம்பரம் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். பார்க்கலாம் என்றாள். எஸ்தருக்கு இரண்டு முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. குழந்தையோடு வேலையாக இருப்பாள்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது. முருங்கைக்கு மருந்தடித்தேன்.

பீரோ சாவி இன்னும் காலண்டர் ஆணியில்தான் தொங்குகிறது.